வேம்பநாட்டுக் காயல் எத்தனை படகுகளைத் தாங்கும்?

கோழிக்கோட்டில் உள்ள நீர்வள மேம்பாடு மற்றும் மேலாண்மை மையம் 2013இல் ஒரு கணக்குச் சொன்னது. வேம்பநாட்டுக் காயலும் அதை ஒட்டிய நீர்வழிகளும் 262 படகு வீடுகளைத்தான் தாங்கும்; அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தவை 734. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் படகுகளின் தொகை அந்த அளவுக்கு இறங்கவில்லை. இறக்க வேண்டும் என்ற பேச்சும் அதிகாரிகளின் கோப்புகளைத் தாண்டி வலுப்பெறவில்லை. காயல் சுற்றுலாவைப் பற்றிய விவாதமெல்லாம் படகின் தரத்தையே சுற்றிவருகிறது: கழிவறைத் தொட்டி சரியாக இருக்கிறதா, டீசல் கசிகிறதா, உயிர்காப்பு அங்கிகள் போதுமா, ஓட்டுபவரிடம் உரிமம் உண்டா. இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் நல்ல பதில் கிடைத்த பிறகும் காயல் கெடும் என்பதே என் வாதம். 734 படகுகளும் மிகச் சுத்தமாக இயங்கினாலும், அவை எந்த மாதத்தில், காயலுக்குக் குறுக்கே உள்ள தடுப்பணையின் எந்தப் பக்கத்தில், எத்தனை மணி நேரம் நிற்கின்றன என்பதை யாரும் வரையறுக்காதவரை, இந்தத் தொழில் தன் முதலைத் தானே தின்றுகொண்டிருக்கும். எண்ணிக்கைதான் முதல் சீர்திருத்தம்; மற்றவை அதன் பின்னால் வர வேண்டியவை.

இந்தத் தொழிலுக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடலாம். காயலை ஒட்டிய குட்டநாட்டின் நெல்லையும் கொப்பரையையும் கொச்சிக்குக் கொண்டுசென்றவை கெட்டுவள்ளங்கள். அயினிப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்து, முந்திரித்தோட்டு எண்ணெய் பூசிப் பதப்படுத்திய பெரிய சரக்குப் படகுகள் அவை. முப்பது டன் வரை சுமந்தவையும் உண்டு. பாலங்களும் சாலைகளும் வந்து லாரி சரக்கை எடுத்துக்கொண்டதும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கரையோரம் மட்கிக்கொண்டிருந்த அந்த வள்ளங்களின் மேல் மூங்கிலும் பாயும் வேய்ந்து அறைகள் கட்டி, விருந்தினரை ஏற்றலாம் என்ற யோசனை 1990களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. சாகவிருந்த ஒரு கைத்தொழிலுக்கு அது மறுவாழ்வு கொடுத்தது. ஆலப்புழையும் குமரகமும் உலகப் பயண வரைபடத்தில் ஏறின. அதுவரை யாரிடமும் குறை சொல்ல இடமில்லை. பழைய வள்ளங்கள் கைக்கு எட்டும் வரை, தொழிலின் அளவுக்கு இயல்பான ஓர் எல்லை இருந்தது. சுற்றுலாவுக்கென்றே புதிய படகுகள் கட்டத் தொடங்கியதும், மேல்தளமும் குளிர்சாதனமும் கூட்ட அரங்கும் வந்ததும், அந்த எல்லை மறைந்தது. மரபுப் படகு என்ற பெயர் நிலைத்தது. மரபு விதித்திருந்த அளவு போய்விட்டது.

இனி நீரின் பக்கம் வருவோம். வேம்பநாடு ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளமுள்ள காயல். ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களைத் தொடுகிறது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில், மூவாற்றுப்புழை எனப் பல ஆறுகளின் நீர் இதில் சேர்கிறது. 2002இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பின் பெருமையைவிட அளவுகள் முக்கியம். கேரள மீன்வளம் மற்றும் கடலியல் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வின்படி, 1900இல் சுமார் 262 கோடி கனமீட்டராக இருந்த காயலின் கொள்ளளவு 2020இல் 39 கோடி கனமீட்டருக்கும் குறைந்துவிட்டது. 120 ஆண்டுகளில் 85 விழுக்காடு போயிற்று. பரப்பிலும் 40 விழுக்காட்டுக்கு மேல் இழப்பு. வயலுக்காக மண் கொட்டி மேடாக்கியதும், ஆறுகள் கொண்டுவந்த வண்டலும், கரையோரக் கட்டுமானமும் இதற்குக் காரணங்கள். படகு வீடுகள் இதைச் செய்யவில்லை. அவை வருவதற்கு முன்பே பெரும்பகுதி நடந்துமுடிந்தது. ஆனால் படகு வீடுகள் வந்து சேர்ந்தது இப்படிச் சுருங்கிப்போன ஒரு காயலுக்குத்தான். அழுக்கைக் கரைத்து நீர்க்கச் செய்ய ஒரு நீர்நிலைக்கு உள்ள திறன் அதன் கொள்ளளவைப் பொறுத்தது. நம் முன்னோர் பார்த்த காயல் தாங்கியதை, ஏழில் ஒரு பங்காகக் குறுகிய இன்றைய காயல் தாங்காது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது காலம். குட்டநாட்டில் நெல் கடல்மட்டத்துக்குக் கீழே விளைகிறது, ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் 2013இல் இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. புஞ்சைப் பருவத்தில் கடலின் உப்புநீர் உள்ளே ஏறினால் பயிர் போய்விடும். அதைத் தடுக்கக் காயலுக்குக் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை கட்டப்பட்டு 1970களில் இயங்கத் தொடங்கியது. டிசம்பர் வாக்கில் மதகுகளை மூடி, ஏப்ரல் வாக்கில் திறப்பது வழக்கம். மூடியிருக்கும் மாதங்களில் தெற்குப் பகுதியில் ஏற்றவற்றம் நின்றுபோகிறது. கடல் உள்ளே வந்து கழுவிவிட்டுத் திரும்பும் வேலை நின்றுவிடுகிறது. உப்பு படாததால் ஆகாயத் தாமரை செழிக்கிறது. வயல்களிலிருந்து வெளியேற்றும் உரநீரும் அங்கேயே தேங்குகிறது. கருப்புக் கக்காவும் இறாலும் கடலுக்கும் காயலுக்கும் இடையே இயல்பாகப் போய்வரும் மீன்களும் இதனால் பாதிக்கப்படுவதை மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இப்போது சுற்றுலாவின் நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழை ஓய்ந்து, வெயில் கடுமையாகாத டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் படகு வீடுகளுக்கு உச்ச சீசன். ஆலப்புழை, குமரகம் என்ற இரண்டு பெரிய மையங்களும் தடுப்பணைக்குத் தெற்கே உள்ளன. அதாவது காயல் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும் மாதங்களிலேயே, அது அடைபட்டிருக்கும் பக்கத்திலேயே, படகுகள் அதிகம் குவிகின்றன. நீர் புரண்டோடும் ஜூன், ஜூலையில் அவை பெரும்பாலும் கட்டிப் போடப்பட்டிருக்கின்றன. ஆண்டு சராசரியை வைத்துக்கொண்டு எவ்வளவு தாங்கும் என்று பேசுவது இங்கே பொருளற்றது. மூடிய மதகின் காலத்தில் எத்தனை என்பதே உண்மையான கேள்வி. விவாதத்தில் மிகக் குறைவாக அடிபடுவதும் இதுதான்.

படகு வீடு என்பது நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே ஓடும் வாகனம். காலையில் புறப்பட்டு, மாலை ஐந்தரை வாக்கில் கரையோரம் கட்டிவிட வேண்டும். இரவில் மீனவர்கள் வலை விரிப்பதால் அந்த ஏற்பாடு. பிறகு மறுநாள் காலை வரை அது மிதக்கும் விடுதி. குளிர்சாதனத்துக்காக இரவு முழுவதும் ஜெனரேட்டர் ஓடும். இரண்டு மூன்று அறைகளில் நான்கைந்து பேர், அவர்களுக்குச் சமைக்கவும் படகை நடத்தவும் மூன்று பேர். அவர்களுடைய குளியல்நீரும் சமையலறைக் கழிவும் கழிவறையும் சேர்ந்த சுமை. தொட்டியில் தேக்கிக் கரையில் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்பது விதி. இறக்கும் நிலையம் தொலைவில் இருந்தாலோ பழுதாகிக் கிடந்தாலோ என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். இவற்றோடு, கரையில் வாழ்பவர்களின் தொல்லைகளும் உண்டு. பாடசேகரங்கள் எனப்படும் நெல்வயல் தொகுதிகளின் புறவரம்பை அலை அரிக்கிறது. குறுகிய வாய்க்கால்களில் வீட்டுப் படித்துறையில் குளிக்கும் பெண்களின் எதிரே வரிசையாகப் படகுகள் போகின்றன. படகில் போகிறவர் கிராம வாழ்க்கையைக் காணப் பணம் கொடுக்கிறார். காணப்படுகிற வீட்டுக்கு அதில் ஒரு பைசாவும் போவதில்லை.

பொருளியலின் முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது. படகு முதலாளிக்குப் படகு செலவு, டீசல் செலவு, ஆள்கூலி செலவு, இடைத்தரகருக்குக் கமிஷன் செலவு. காயல் மட்டும் இலவசம். ஊர்ப் பொதுக்கிணற்றில் ஆளுக்கொரு மோட்டார் வைத்த கதைதான். கூடுதலாக ஒரு படகை இறக்குவதன் லாபம் முழுவதும் இறக்குபவருக்கு, நஷ்டம் எல்லோருக்கும். கழிவை ஒழுங்காகக் கரைக்குக் கொண்டுவந்து இறக்கும் முதலாளிக்கு நேரமும் பணமும் போகின்றன, இரவோடு இரவாகக் காயலில் திறந்துவிடுபவருக்கு அவை மிச்சம். படகுகள் கூடக்கூட வாடகைப் போட்டி கடுமையாகிறது. போட்டி கடுமையாகும்போது முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத செலவுதான். ஆகவே அளவுக்கு மீறிய எண்ணிக்கை மாசைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, மாசைக் குறைக்க நினைப்பவரையும் தொழிலிலிருந்து தள்ளிவிடுகிறது. தரக் கட்டுப்பாட்டுக்கு முன் எண்ணிக்கைக் கட்டுப்பாடு வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இது.

படகு முதலாளிகள் எழுப்பும் முதல் மறுப்பு வலுவானது. காயலைக் கெடுப்பது நாங்களா? வயல்களின் உரமும் பூச்சிமருந்தும், ஊர்களின் சாக்கடையும், ஆலைகளின் கழிவும், பம்பை வழியாக வரும் யாத்திரைக் கால அழுக்கும் சேர்ந்தால் எங்கள் பங்கு கொஞ்சம்தானே? இந்த வாதத்தின் உண்மையை மறுக்க முடியாது. ஆனால் அதன் முடிவை ஏற்க முடியாது. சுவிட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள லெமான் ஏரி இதற்கு நல்ல சான்று. அங்கேயும் ஏரியைக் கெடுத்தது சுற்றுலாப் படகல்ல. சலவைத் தூளும் உரமும் நகரக் கழிவும் கொண்டுவந்த பாஸ்பரஸ். 1970களின் இறுதியில் அது லிட்டருக்கு 90 மைக்ரோகிராம் அளவை எட்டியது. இரு நாடுகளும் 1960களிலேயே அமைத்த கூட்டு ஆணையம் ஒவ்வொரு வகைக் கழிவையும் தனித்தனியே கணக்கிட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சலவைத் தூளில் பாஸ்பேட் கூடாது என்று சுவிட்சர்லாந்து 1986இல் தடை விதித்தது. இன்று பாஸ்பரஸ் அளவு 20க்கும் கீழே. உன் பங்கு குறைவு, ஆகவே நீ விலக்கு என்று அங்கே யாருக்கும் சொல்லப்படவில்லை. வேம்பநாட்டில் ஒவ்வொரு தரப்பும் இன்னொரு தரப்பைச் சுட்டுகிறது: விவசாயி படகை, படகுக்காரர் நகராட்சியை, நகராட்சி விவசாயியை. ஒரு வேறுபாடும் உண்டு. விவசாயி காயலின் அழகை விற்கவில்லை. படகு வீடு விற்பதே அதைத்தான். தன் சரக்கைக் காப்பதில் முந்த வேண்டியவர், கடைசியில் வருவேன் என்று சொல்வது நியாயமும் இல்லை, வியாபார புத்தியும் இல்லை.

இதே லெமான் ஏரியின் கப்பல் வரலாற்றில் இன்னொரு செய்தி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பல நீராவிக் கப்பல் நிறுவனங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. 1873இல் அவை ஒன்றாக இணைந்தன. அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. 1904க்கும் 1927க்கும் இடையில் கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல்களைப் பேணி ஓட்டுகிறது. பிரான்சின் எவியானிலிருந்து லோசானுக்கு வேலைக்குப் போகிறவர்களையும் அதே நிறுவனமே ஏற்றிச் செல்கிறது. சுற்றுலாவும் அன்றாடப் போக்குவரத்தும் ஒரே கணக்கில் வருவதால், கப்பலைக் கூட்டுவதற்கான நச்சரிப்பு அங்கே குறைவு. பவேரியாவின் கேனிக்ஸே ஏரி இன்னும் கண்டிப்பான எடுத்துக்காட்டு. மலைகளுக்கு நடுவே ஆழமாகக் கிடக்கும் அந்த ஏரியில் பயணிகள் படகுகள் 1909 முதல் மின்சாரத்தில் ஓடுகின்றன. மன்னர் குடும்பத்தின் வேட்டைக்கு இஞ்சின் சத்தம் இடைஞ்சல் என்பதால் அப்படி ஆனது என்பார்கள். நல்ல காரியங்களுக்கு எப்போதும் நல்ல காரணங்கள் இருப்பதில்லை. சேவையை நடத்துவது பவேரிய அரசின் நிறுவனம். கூட்டம் அலைமோதும் கோடையிலும் அங்கே வரிசை நீள்கிறதே தவிர, நீரில் படகுகள் பெருகுவதில்லை. ஆழமும் குளிரும் உள்ள ஆல்ப்ஸ் ஏரியையும் இரண்டு மூன்று மீட்டர் ஆழமே உள்ள வெப்பமண்டலக் காயலையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிட முடியாதுதான், ஆழம் குறைந்த காயலுக்கு அதைவிடக் கண்டிப்பு வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பிழைப்பைப் பற்றியது. படகுக்கு மூன்று பேர் என்று வைத்தாலே 734 படகுகளில் 2,200 பேர் நேரடியாக வேலை பார்க்கிறார்கள். சலவை, மீன், காய்கறி, பழுதுபார்ப்பு என்று அதைச் சுற்றிப் பலமடங்கு குடும்பங்கள். எண்ணிக்கையை 262 ஆக்கினால் அவர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வியை எளிதாகத் தாண்டிச் செல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, காயலை நம்பியிருப்பவர்கள் அவர்கள் மட்டுமல்ல. கரிமீனும் இறாலும் பிடிப்பவர்கள், கக்கா அள்ளுபவர்கள், கயிறு திரிக்கத் தேங்காய் மட்டை ஊறப்போடுபவர்கள் ஆகியோரும் அதே நீரில் பிழைக்கிறார்கள். படகு வேலை இழப்பைக் கணக்கில் எடுக்கும் விவாதம், வலை கிழிந்த மீனவரின் இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு, பாதிக்கு மேல் படகுகள் ஆண்டில் பல மாதம் சும்மா கிடக்கும் தொழிலில், ஊழியரின் வருமானம் ஏற்கெனவே சீசனைப் பொறுத்ததாகவே இருக்கிறது. குறைந்த படகுகள் அதிக நாட்கள் ஓடினால் நிலையான சம்பளம் சாத்தியமாகும். ஒரே இரவில் படகுகளைக் கரையேற்றச் சொல்வது கொடுமை. ஆயுள் முடிந்த படகுக்குப் புது உரிமம் தராமல் பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைப்பது வேறு. 2013இலேயே அப்படித் தொடங்கியிருந்தால் இன்று அந்தக் குறைப்பு ஏறக்குறைய முடிந்திருக்கும், யாரையும் திடீரென்று வேலையிலிருந்து தள்ளியிருக்காது.

மூன்றாவது மறுப்புத்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. படகு குறைந்தால் வாடகை ஏறும். காயல் பணக்காரர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் மட்டும் என்றாகிவிடும். பிற மாநிலங்களிலிருந்து கேரளத்துக்கு வரும் பயணிகளில் தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களே அதிகம். அவர்களில் பெரும்பாலோர் நடுத்தரக் குடும்பங்கள். அவர்களைத் தடுப்பது சரியா? சரியில்லை. ஆனால் காயலைப் பார்ப்பதும் காயலில் ஒரு தனி வீட்டை இரவு முழுதும் கட்டிப்போட்டு அதில் தூங்குவதும் ஒன்றல்ல. முன்னது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், பின்னது ஆடம்பரம். அதற்கு ஆடம்பர விலை இருப்பதில் தவறில்லை. முன்னதற்கான வழி கேரளத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆலப்புழையைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை பேருந்துக் கட்டண அளவில் கோட்டயத்துக்கும் முகம்மைக்கும் குமரகத்துக்கும் படகு விடுகிறது. அதே துறை பகல் சுற்றுலாவுக்கு ‘வேகா’ படகுகளையும் இயக்குகிறது. பெரியார் சத்தியாகிரகம் செய்து சிறை சென்ற வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு. 75 பேர் உட்காரலாம். 2020இல் மின்படகுகளுக்கான குஸ்தாவ் த்ரூவே விருதும் அதற்குக் கிடைத்தது. காயலின் வடமுனையில் 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் படகுகள் மின்கலத்தில் ஓடுகின்றன. நூறு பேரை ஒரே படகில் ஏற்றி, சில மணி நேரத்தில் கரை சேர்க்கும் சேவையோடு, ஐந்து பேருக்காக ஓர் இரவு முழுதும் ஜெனரேட்டர் ஓட்டும் படகு வீட்டை ஒப்பிட்டால், ஆளொன்றுக்கு விழும் சுமையின் வித்தியாசம் விளங்கும். அரசுப் படகில் ஜன்னலோரம் உட்கார்ந்து குட்டநாட்டைக் கடந்து போகும் பயணியிடமிருந்து காயலின் அழகில் எதுவும் குறைந்துபோவதில்லை. படகு வீட்டுக்கு வரம்பும் பொதுப் படகுக்கு விரிவாக்கமும் சேர்ந்து வந்தால்தான் இந்தத் திட்டம் நியாயமானதாக இருக்கும். முன்னது மட்டும் வந்தால், இந்த மறுப்பு வென்றுவிடும்.

பொதுப் படகு என்றாலே பாதுகாப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேரளத்து நீர்வழிகளின் விபத்து வரலாறு அந்த நம்பிக்கையைக் கொடுப்பதில்லை. 1924 ஜனவரியில் பல்லனை ஆற்றில் ‘ரிடீமர்’ படகு கவிழ்ந்து மகாகவி குமாரன் ஆசான் இறந்தார். அளவுக்கு மீறிய கூட்டம். 2002 ஜூலை 27இல் முகம்மையிலிருந்து குமரகம் போன அரசுப் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். தேர்வு எழுதப் போன இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். 2009 செப்டம்பர் 30இல் தேக்கடி ஏரியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரட்டைத்தளப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். 2023 மே 7இல் மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டியதில் 22 பேர் பலியானார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அரசுடைமை இரண்டு, தனியார் இரண்டு என்று எண்ணிப் பயனில்லை. எல்லாவற்றிலும் இருப்பது ஒன்றே: எத்தனை பேர், எத்தகைய படகு என்ற எண்ணைக் கரையிலேயே நிறுத்திக் கேட்க ஆளில்லை. ஒரு படகில் எத்தனை பேர் என்பதையே கண்காணிக்க முடியாத நிர்வாகம், ஒரு காயலில் எத்தனை படகு என்பதைக் கண்காணிக்குமா என்ற ஐயம் இங்கிருந்துதான் எழுகிறது.

அந்த ஐயத்துக்குப் பதில் உண்டு. இதே காயலில் பாணாவள்ளியை ஒட்டிய நெடியதுருத்துத் தீவில் விதிகளை மீறிக் கட்டிய கேப்பிகோ விடுதியை இடிக்கச் சொல்லி உச்சநீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 54 சொகுசு வில்லாக்கள் கொண்ட அந்த விடுதியின் இடிப்பு 2022 செப்டம்பரில் தொடங்கியது. கோடிக்கணக்கில் முதலீடு செய்த கட்டடத்தையே எடுக்க முடிந்த மாநிலத்தால், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒரு படகு உரிமத்தைப் புதுப்பிக்காமல் இருக்க முடியாதா? மாறாக, 2023இல் வேம்பநாடு, அஷ்டமுடிக் காயல்களின் மாசைத் தடுக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரள அரசுக்கு 10 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அரசு கட்டும் தொகை வரி கட்டும் மக்களின் தொகை. மாசுபடுத்தியவருக்கு அதில் ஒரு ரூபாயும் இழப்பில்லை. சட்டமும் இல்லாமலில்லை: 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், பதிவையும் தகுதிச் சோதனையையும் காப்பீட்டையும் மாசுத் தடுப்பையும் ஒரே கட்டமைப்புக்குள் கொண்டுவருகிறது. ஒரு துறைமுகத்தில் பதிவை நிறுத்தினால் இன்னொரு துறைமுகத்தில் பதிந்துகொண்டு வந்துவிடலாம் என்ற ஓட்டையை அடைக்க நாடு முழுதுக்குமான ஒரே பதிவேடு உதவும்.

வரம்பு வைப்பதிலும் ஆபத்துகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருக்கிற முதலாளிகளுக்கே உரிமத்தை எழுதிக் கொடுத்தால் அது ஒரு சிறு கூட்டத்தின் ஏகபோகமாகிவிடும். உரிமமே படகைவிட விலை உயர்ந்த சொத்தாகி, கைமாறி, கடைசியில் பெரிய விடுதி நிறுவனங்களிடம் போய்ச் சேரும். ஆகவே உரிமம் படகுக்கு என்றில்லாமல், மூடிய மதகின் மாதங்களில் காயலில் கழிக்கும் இரவுகளுக்கு என்று இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு மட்டும் செல்லுபடியாக வேண்டும், விற்க முடியாததாக இருக்க வேண்டும், ஒன்றிரண்டு படகு வைத்திருக்கும் சிறு முதலாளிக்கும் ஊழியர் கூட்டுறவுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். இரவில் கட்டுமிடங்களில் கரை மின்சாரமும் கழிவை உறிஞ்சி எடுக்கும் நிலையமும் இருந்தால் மட்டுமே அங்கே கட்டலாம் என்று வைத்தால், ஜெனரேட்டரும் திருட்டுத்தனமான கழிவிறக்கமும் ஒருசேரக் குறையும். கட்டணத்தில் ஒரு பகுதி எந்த வாய்க்கால் வழியாகப் படகுகள் போகின்றனவோ அந்த ஊராட்சிக்குப் போக வேண்டும். குமரகத்தில் 2008 வாக்கில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டம், விடுதிகளுக்கான காய்கறியை உள்ளூர்ப் பெண்கள் குழுக்களிடமிருந்து வாங்கச் செய்து, 2013இல் உலகச் சுற்றுலா அமைப்பின் விருதையும் பெற்றது. ஊருக்குப் பங்கு கொடுக்கும் பழக்கம் கேரளத்துக்குப் புதிதல்ல. அதைக் கரையிலிருந்து நீருக்கு இறக்க வேண்டும்.

262 என்பது வேதவாக்கல்ல. பத்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கு. கொள்ளளவு பற்றிய புதிய அளவுகளையும் மதகுகள் மூடும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது கூடலாம், குறையவும் செய்யலாம். குறையும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டு, வரும் டிசம்பரில் தண்ணீர்முக்கத்தின் மதகுகள் இறங்குவதற்கு முன்பே தெற்குக் காயலில் இரவு தங்கும் படகுகளின் உச்ச எண்ணிக்கையை அறிவிப்பது கேரள அரசு செய்ய வேண்டிய முதல் வேலை. அதுவரை புதிய படகு வீடு எதற்கும் அனுமதி தரக் கூடாது.